கௌசல்யா ரேவதியிடம் சொன்னது

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, வகுப்பறையில் சமூக வலைதளங்களை எப்படிப் பொறுப்போடு பயன்படுத்துவது என்று நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். விதிமுறை எழுத நான் லாயக்கில்லை. ஓய்வு பெற்ற பிறகும் என்னால் சேர்ந்தாற்போல ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. இதைக்கூட இரண்டு வரி எழுதுவதும், எழுந்து சமையலறைக்குப் போய்வருவதுமாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே ஒரு வாரத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த வாரம் இன்னும் என்னை விட்டபாடில்லை.

மன்னார்புரம் பக்கத்தில், காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதியோடு கூடிய பள்ளி. அப்போது நான் அங்கே தலைமையாசிரியை. வீடு ஸ்ரீரங்கம். தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து போவேன். ஷர்மிளா என்று ஒரு பெண் அந்த ஆண்டுதான் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். நல்ல பெண். பிள்ளைகளுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் சைகையில் அவள் எதையாவது உளறி அவர்கள் சிரிக்கும்போது அவளும் சேர்ந்து சிரிப்பாள். பள்ளிக்கென்று ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் ஆரம்பித்ததும் அவள்தான். "நம்ம பசங்க என்னல்லாம் செய்யறாங்கன்னு ஊரு பாக்க வேணாமா மேடம்?" என்பாள். நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். இப்போதும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை.

அறிவியல் கண்காட்சிக்காகப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தெர்மோகோலை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஷர்மிளா போனைக் கையில் பிடித்தபடி வகுப்பைச் சுற்றி ஒரு நடை வந்து படம் எடுத்தாள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வெட்டிச் சேர்த்தாள். நம் பிள்ளைகள் எழுப்பும் சத்தம் உங்களுக்கே தெரியும். நாற்காலியை இழுப்பார்கள், தாங்கள் கத்துவது தெரியாமலேயே கத்துவார்கள். அதைக் கேட்டு யாரும் கேலி செய்துவிடக் கூடாது என்று ஷர்மிளா எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டு ஒரு இசையைப் போட்டாள். "ஒரு குரல்கூட வெளிய போகக் கூடாதுன்னு ஹெட்போன் போட்டு ரெண்டு தடவை கேட்டேன் மேடம்" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

காதால் சோதித்துப் பார்த்திருக்கிறாள். காது கேட்கிற நம் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். சத்தத்தை நிறுத்திவிட்டால் பேச்சும் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நம் வகுப்பில் பேச்சு கையில் இருக்கிறது. அவள் படத்தில் ஒரு வகுப்பே பேசிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை, நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறேன். பழைய மாணவன் ஒருவன் வீடியோ காலில் வந்தான். துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இன்னொரு கையில் போன். எனக்குப் பேசக் கை இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். "டீச்சர், நம் பள்ளிப் பெண். ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறேன், உடனே பாருங்கள்" என்றான். கை வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

பார்த்தேன். ஷர்மிளா போட்ட படத்தில் ஒரு துண்டை மட்டும் யாரோ வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். வகுப்பின் கடைசியில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் கதவு மறைவில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். பேசுபவள் கௌசல்யா. எதிரில் அவளுடைய சிநேகிதி ரேவதி. வகுப்பில் வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அந்த மறைவுக்குப் போயிருக்கிறார்கள். ஷர்மிளாவின் போன் சுற்றி வந்து அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்திருக்கிறது. கௌசல்யாவின் கை சொன்னதை, வெட்டியவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் கீழே எழுதியிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் கல்யாணம். என்னை வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு ஒரு தங்கை இருப்பதே மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. அம்மா எனக்கும் புடவை எடுத்துக் கொடுத்தாள். ஹாஸ்டலிலேயே கட்டிக்கொள்ளச் சொன்னாள்."

"அக்காவுக்குத் தெரியுமா?" என்று ரேவதி கேட்கிறாள்.

"அக்காதான் முதலில் சரி என்றாள்."

அவ்வளவுதான் படம். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் ஆட்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புண்ணியவான் அந்தக் குடும்பத்துக்குக் காந்தி மார்க்கெட்டில் காய்கறி மண்டி என்பதையும், கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் எந்த மண்டபத்தில் என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தான்.  பஸ்ஸிலிருந்து குதித்து ஓடினால் சீக்கிரம் போய்விடலாம் போல இருந்தது.

நான் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் என் அறை நிரம்பியிருந்தது. கௌசல்யாவின் அம்மா கல்யாண வேலைக்கு நடுவிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். தலைகூட வாரவில்லை. கூட அவளுடைய சித்தப்பா. மூலையில் ஷர்மிளா அழுது முகம் வீங்கி நின்றாள். ஜன்னல் ஓர பெஞ்சில் கௌசல்யா.

"டீச்சர், என் பொண்ணு வாழ்க்கையே போச்சு டீச்சர். மாப்பிள்ளை வீட்லேர்ந்து இன்னும் போன் வரல. வரதுக்குள்ள எதாச்சும் செய்யுங்க" என்றார் அம்மா.

எந்தப் பொண்ணு என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை. கேட்கிற நேரமா அது?

சித்தப்பா ஏற்கெனவே முடிவோடு வந்திருந்தார். "ரொம்ப சிம்பிள் மேடம். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்னு அவ கையால சொல்லட்டும். கீழ நீங்க தமிழ்ல எழுதிப் போட்டுடுங்க. முடிஞ்சிது."

அதற்குள் தாளாளர் போனில் வந்துவிட்டார். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் வேறு மாதிரி. "நாடக ஒத்திகைன்னு போடுங்க மேடம். அந்தப் பொண்ணையே சொல்ல வைங்க, அப்பதான் நம்புவாங்க. பத்து மணிக்குள்ள போட்டாகணும். ஸ்கூல் பேரு நாறிக்கிட்டிருக்கு."

"நான் எடுக்கறேன் மேடம். என்னாலதானே வந்துச்சு, நானே சரி பண்ணிடறேன்" என்று ஷர்மிளா போனை எடுத்தேவிட்டாள்.

வாட்ச்மேன் வந்து, வாசலில் யாரோ யூடியூப்காரர் கேமராவோடு நிற்கிறார், பாப்பாவிடம் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்பாராம் என்றார்.

பாருங்கள், ஒரு படத்தால் வந்த வினையைத் தீர்க்க ஆளாளுக்கு இன்னொரு படம் கேட்டார்கள். ஒருவர் அவளைப் பொய் சொல்ல வைக்க, ஒருவர் தன் தப்பைச் சரி செய்ய, ஒருவர் அவளுடைய கண்ணீரை எடுத்துக் காட்ட. உள்ளதைச் சொன்னால், அந்த நிமிடத்தில் எனக்கும் ஒரு ஆசை வந்தது. அவள் கையை இரண்டு ஆட்டு ஆட்டினால் போதும், கல்யாணம் நடந்துவிடும், அம்மா அழுகையை நிறுத்துவார், தாளாளர் போனை வைப்பார். நெருக்கடியில் நமக்குத் தோன்றுகிற முதல் வழி பெரும்பாலும் சத்தத்தை அடக்குகிற வழியாகத்தான் இருக்கும். அதைச் சரியான வழி என்று நம்பிவிடுவது ரொம்ப எளிது.

என்னைத் தடுத்தது எந்தக் கொள்கையும் இல்லை. கௌசல்யாவின் கண்கள்தான். பெஞ்சில் உட்கார்ந்தபடி அவள் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வாய், சித்தப்பா வாய், ஷர்மிளா வாய், என் வாய். யார் பேசுகிறார்களோ அந்தப் பக்கம் முகம் திரும்பும். பாதி பிடிபடுவதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார். காது கேளாதோர் பள்ளியில், அவளைப் பற்றிய பேச்சில், அத்தனை நேரமாக ஒருவர்கூடச் சைகையில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உட்பட.

"எல்லாரும் வெளிய போங்க" என்றேன்.

"நான் அவ அம்மா டீச்சர்."

"நீங்களும்தாம்மா. அஞ்சு நிமிஷம். கோவிச்சுக்காதீங்க."

கதவைச் சாத்திவிட்டு எதிரில் போய் உட்கார்ந்தேன்.  முதலில் அவள் சொன்னது, "நான் அலமாரிக் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்" என்று. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். தன்னுடைய ஜாக்கிரதையை யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஒப்புக்கொண்டேன். நீ சரியாகத்தான் நின்றாய் என்றேன்.

"நீ சொன்னது உண்மையா?"

"உண்மை."

"விளையாட்டு என்று சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறாயா?"

"சொன்னால் கல்யாணம் நடக்குமா?"

"எனக்குத் தெரியாது."

தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ரேவதி என்ன நினைப்பாள்? அன்றைக்கு அவளும் என்னோடு சேர்ந்து அழுதாள். நான் விளையாட்டு என்று சொல்லிவிட்டால், இனி நான் எதைச் சொன்னாலும் அவள் நம்புவாளா?"

ஊரே கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. குடும்ப மானம், பள்ளியின் பெயர், காது கேளாதோர் உரிமை என்று எல்லாமே பெரிய பெரிய விஷயங்கள். இவளுக்கு ரேவதி.  நானும் இத்தனை நேரம் அந்தப் பேச்சை ஒரு செய்தியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருத்தி தன் சிநேகிதியிடம் அழுதது.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன்.

"அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது நான் ரேவதியிடம் சொன்னது. வேறு யாருக்கும் சொல்லவில்லை. புது வீடியோ வேண்டாம். அக்காவிடம் நானே பேச வேண்டும். எனக்காக யாரும் பேச வேண்டாம்."

இவ்வளவு தெளிவான உத்தரவை எனக்கு எந்த அதிகாரியும் தந்ததில்லை. வெளியே போய் எல்லோரிடமும் சொன்னேன், வீடியோ கிடையாது என்று. சித்தப்பா எகிறினார். "பொண்ணு கல்யாணம் நின்னா நீங்க வந்து நடத்திக் குடுப்பீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். தாளாளர் மெமோ தருவேன் என்றார். தாருங்கள், அவள் பொய் சொல்கிறபடி படம் எடுக்க மாட்டேன் என்றேன். யூடியூப்காரரை வாட்ச்மேன் அனுப்பி வைத்தார். போகிறபோக்கில் அவர் பள்ளியின் பெயர்ப் பலகையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்தது, வரி எழுதிப் போட்டவர். துவாக்குடிப் பையன் மூலமாக அவருடைய நம்பர் கிடைத்தது. சென்னையில் இருக்கிறார், அவருக்கும் காது கேட்காது. வீடியோ காலில் வந்தார். நான் கேட்டதுமே மறுத்துவிட்டார்.

"உண்மையைத்தானே போட்டேன் டீச்சர்? என் அண்ணன் கல்யாணத்தன்று கையில் காசைக் கொடுத்து என்னைச் சினிமாவுக்கு அனுப்பினார்கள். நாங்கள் எத்தனை காலம் இதை வெளியே சொல்லாமல் இருப்பது?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. அதுதான் என்னை ரொம்ப அலைக்கழித்தது. தப்பானவரோடு சண்டை போடுவது சுலபம். சரியானவரிடம் போய், நீ செய்தது சரியில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

"உன் கதையை நீ சொல். உனக்கு அந்த உரிமை உண்டு. அவளைக் கேட்டாயா?" என்றேன்.

"கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள்."

"அப்படியானால் பதில் உனக்குத் தெரிந்துதானே இருந்தது?"

 அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.  வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மத்தியானத்துக்குள் அவர் எடுத்துவிட்டார். ஷர்மிளாவும் தன்னுடையதை நீக்கினாள். ஆனால் அதற்குள் எத்தனை பேர் போனுக்குப் போயிருந்ததோ, அதையெல்லாம் யார் எடுப்பது?

அந்த வராந்தாவில்தான் கௌசல்யாவின் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். அழுகை அடங்கியிருந்தது. ரொம்பத் தயங்கிக் கேட்டார்.

"டீச்சர், அவ இவ்ளோ பேசுவாளா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"வீட்ல சாப்பாடு, தண்ணி, காசு, இதுக்குத்தான் கை காட்டுவா. நானும் அதுக்குத்தான் காட்டுவேன். அவளும் அவ அக்காவும்தான் கையால என்னவோ பேசிக்குவாங்க. எனக்கு ஒண்ணும் புரியாது. கீழ எழுதியிருந்தாங்கல்ல, அதைப் படிச்சுத்தான் டீச்சர் தெரிஞ்சுது. அந்தப் புடவையைக் குடுத்தப்ப சிரிச்சா. சந்தோஷமா இருக்கான்னு நெனச்சேன்."

காலையிலிருந்து அந்த அம்மா மேல் எனக்கு இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பெற்ற மகளின் மனசை ஒரு மூன்றாம் மனிதர் எழுதிப் போட்ட வரியில் படித்திருக்கிறார். அதையும் ஊரோடு சேர்ந்து படித்திருக்கிறார். கோபம் போகவில்லை, ஆனால் அதோடு சேர்த்து வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. எப்போது வேண்டுமானாலும் சனிக்கிழமைகளில் பள்ளிக்கு வாருங்கள், சைகை சொல்லித் தருகிறோம் என்றேன். வந்தாரா என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

"இப்ப அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. அக்காவும் தங்கச்சியும் தனியா பேசணும்னு கேக்கறா. நீங்க யாரும் அந்த ரூம்ல இருக்கக் கூடாது. யார் கையிலயும் போன் இருக்கக் கூடாது" என்றேன்.

"மாப்பிள்ளை வீட்ல கேட்டா என்ன டீச்சர் சொல்றது?"

"அதை அவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும். அதுவரைக்கும் நீங்க எதுவும் சொல்லாதீங்க."

ஆட்டோவில் ஏறிப் போனார்கள். கௌசல்யா திரும்பிப் பார்க்கவில்லை. நான் செய்தது சரிதானா என்று அப்போது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனால், அதில் என் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு. அன்று வீட்டுக்குப் போயும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஷர்மிளா பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனாள். வருகைப் பதிவு போடப் போனை எடுத்தாள். தினமும் செய்வதுதான். நான் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போன் மேலே வந்ததும் வகுப்பில் இருந்த அத்தனை கைகளும் மேசைக்கு அடியில் போய்விட்டன. ஒரு விரல்கூட வெளியே இல்லை. என் பணிக்காலத்தில் அப்படி அமைதியான ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை. 

ஷர்மிளா வெளியே ஓடி வந்தாள். "மேடம், என்ன பண்ணட்டும்? மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ..."

"வீடியோன்னு இன்னொரு தடவை சொன்னே, உன் போனைத் தூக்கிக் காவிரியில போட்டுடுவேன்."

அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையில் ஏதோ சொன்னாள். நான் நின்று பார்க்கவில்லை. ரேவதியிடம் தனியாக வேறு போய்ப் பேசியிருக்கிறாள். அந்தப் பெண் பல நாள் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. ஷர்மிளா அதைத் தாங்கிக்கொண்டாள், அதற்காக அவளை எனக்குப் பிடிக்கும்.

அன்றே தாளாளரிடமிருந்து உத்தரவு வந்தது: பள்ளியிலும் விடுதியிலும் போனே கூடாது. நான் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை, மெமோவோடு மெமோவாக இருக்கட்டும் என்று. விடுதிப் பிள்ளை வீட்டோடு பேசுவது வீடியோ காலில்தான். நமக்குப் போனை எடுத்துவிட்டால் ஒரு சௌகரியம் போகும், அவர்களுக்கு வாயையே எடுத்துவிடுகிற மாதிரி. பயந்துபோனவர்கள் போடுகிற தடையால் அடிபடுவது எப்போதும் பிள்ளைகள்தான். தடைக்குப் பதிலாக ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். எந்தப் படமானாலும் வெளியே போவதற்கு முன்னால் வகுப்பு டிவியில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். முன்னால் நிற்பவர்களை மட்டும் பார்க்கக் கூடாது, ஓரத்தில் இருக்கிற கைகளையும் பார்க்க வேண்டும். அதில் இருக்கிற யாராவது ஒருவர் வேண்டாம் என்று கை காட்டினால் படம் போகாது. ஏன் என்று கேட்கக் கூடாது. காரணத்தைக் கேட்டால் அவர்கள் மறைத்ததைச் சொல்ல வைத்துவிடுவோம். முதல் மூன்று படங்களும் போகவில்லை. நாலாவதைப் பார்த்துவிட்டு அவர்களே இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நடுவில் எந்தச் செய்தியும் இல்லை. வலியக் கேட்க எனக்கு முகமில்லை. காலையில் காய் வாங்கப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, காய்க்கடையைத் தாண்டி, உத்தர வீதியையும் தாண்டி, கல்யாண மண்டபத்துத் தெருவுக்கே போய்விட்டேன். எனக்கு அழைப்பு இல்லை. மண்டபத்துக்கு எதிரில் நின்று செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்து நிமிர்ந்தேன். மேளம் கேட்டது. சரி, கல்யாணம் நிற்கவில்லை. கௌசல்யா உள்ளே இருக்கிறாளா என்று மேளத்தில் எப்படித் தெரியும்? அதற்கு மேல் அங்கே நிற்பது மரியாதையில்லை என்று வந்துவிட்டேன். பையில் ஒரு கத்தரிக்காய்கூட இல்லை.

திங்கட்கிழமை நான் பள்ளியில் இருந்தபோது அந்த அம்மாவே போன் செய்தார். வியாழன் சாயங்காலம் அக்காவும் தங்கையும் கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் பேசியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் பெரியவள் வித்யா தானே மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறாள். "என் தங்கச்சியை மறைச்சுட்டோம். அப்பா அம்மா மட்டும் இல்ல, நானும்தான். அவ மேடையில என் பக்கத்துல நிப்பா. அது ஒத்துவராதுன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாளாம். மாப்பிள்ளையின் அப்பா ஒரு நாள் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், காது கேட்காததற்காக இல்லை, பொய் சொன்னதற்காக. அப்புறம் சமாதானமாகி வந்துவிட்டார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது டீச்சர்" என்றார் அம்மா. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். சாய்ந்து முடிக்கவில்லை, துவாக்குடிப் பையனிடமிருந்து இன்னொரு வீடியோ வந்து விழுந்தது.

மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "எங்கள் வீட்டுக்கு வந்த இன்னொரு மகள்" என்று மேலே எழுத்து, பின்னால் இசை. பாராட்டு குவிந்துகொண்டிருந்தது. நல்ல மனசுதான். ஆனால் இந்தத் தடவையும் யாரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மேடையில் மாலையும் கழுத்துமாக வித்யா. பக்கத்தில் கௌசல்யா அவளிடம் ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறாள். போன் கிட்டே வருகிறது. கௌசல்யா அதைப் பார்த்துவிட்டாள். சிரித்தாள், ஒரு வணக்கம் போட்டாள், அப்படியே முழுசாகத் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு படத்தில் அவளுடைய இரண்டு முழங்கைகள்தான் தெரிகின்றன. அவை வேகமாக ஆடுகின்றன. என்னவோ சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பாவம், கூச்சப்படுகிறாள் என்று கீழே யார் யாரோ எழுதியிருந்தார்கள்.

வித்யாவின் முகம் போன் பக்கம் இருந்தது. தங்கையின் கைகளை விட்டு அவள் கண் நகரவில்லை. கண் நிறைந்துகொண்டே வந்தது. பிறகு மாலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, பதில் சொல்ல இரண்டு கைகளையும் தூக்கினாள். அந்தக் கைகளை மறைக்க யாரும் இல்லை.

இத்தனை வருடப் பழக்கத்தில் என் கண் தானாகப் படித்துவிடும். நான் வேண்டாம் என்றாலும் நிற்காது. அவள் சொல்ல ஆரம்பிப்பதற்குள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தேன். இரண்டு தடவை மேசை வரைக்கும் வந்து திரும்பிப் போனேன். மூன்றாவது தடவை வந்து, திரையைப் பார்க்காமல் ஷர்மிளாவிடம் கொடுத்து அழிக்கச் சொன்னேன்.

அக்கா என்ன பதில் சொன்னாள் என்று இப்போது உங்களுக்கும் கேட்கத் தோன்றும். எனக்குத் தெரியாது. அது அவள் கௌசல்யாவிடம் சொன்னது.